72 ஓட்டு வித்தியாசத்தில் ஒரு சாவு

ஒரு சூப்பர் ஹீரோ படத்துக்காக நானும் என் நண்பரும் ஒன்றரை வருடம் பேசாமல் இருந்தோம். இருவருக்கும் அப்போது வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவருக்குச் சாத்தூரில் கடை. எனக்குக் கரூரில் வாத்தியார் வேலை. விஷயம் தெரிந்தபோது என் மனைவி சிரித்துவிட்டாள். "கொடுக்கல் வாங்கல்ல சண்டைன்னா சரி. பொண்ணு கொடுத்து எடுத்ததுல சண்டைன்னாலும் சரி. பேட்மேனுக்காகவா பேசாம இருக்கீங்க?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

சண்டைக்குக் காரணம் வாட்ஸ்அப்பில் நான் போட்ட ஒற்றை வரி. அதைக் கடைசியில் சொல்கிறேன். அந்த ஒன்றரை வருடத்தில் எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. படம் பார்த்துவிட்டு வெளியே வரும் ரசிகன் டீக்கடை வாசலில் நின்று "சூப்பர்" என்கிறான், "மொக்கை" என்கிறான். போகிற போக்கில் சொல்லும் அந்த அபிப்பிராயத்துக்கு என்ன எடை இருக்கிறது? யாரையாவது அது தொட்டிருக்கிறதா? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். தேடல் என்னை அமெரிக்காவுக்கு, ஏறக்குறைய நூறு வருடம் பின்னால் கூட்டிக்கொண்டு போனது.

1926 ஏப்ரலில் ஹ்யூகோ ஜெர்ன்ஸ்பேக் என்பவர் ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். முழுக்க முழுக்க அறிவியல் புனைகதைக்கென்றே வந்த முதல் இதழ் அது. மட்டமான காகிதம், பளபளக்கும் அட்டைப்படம். கௌரவமான வீடுகளில் ஒளித்து வைத்துப் படிக்கும் வகை. அடுத்த வருடத் தொடக்கத்தில் அதில் வாசகர் கடிதப் பகுதி வந்தது. கடிதம் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியையும் ஜெர்ன்ஸ்பேக் அச்சிட்டார். தெருப்பெயர், வீட்டு எண் உட்பட.

இந்தச் சின்ன ஏற்பாடு எதிர்பாராத ஒரு காரியத்தைச் செய்தது. வாசகர்கள் பத்திரிகையை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் கடிதம் எழுத ஆரம்பித்தார்கள். "போன இதழ்ல நீங்க சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன்" என்று ஒருவர் எழுத, மற்றவர் பத்துப் பக்கத்துக்குப் பதில் போடுவார். ஊருக்கு ஒரு பைத்தியம் என்று தனித்தனியாக இருந்தவர்களுக்குத் தங்களைப் போல இன்னும் நிறையப் பைத்தியங்கள் இருப்பது தெரிந்தது. சங்கங்கள் அமைத்தார்கள். சைக்ளோஸ்டைல் செய்த சிறு பத்திரிகைகள் நடத்தினார்கள். இன்று ரசிகர் கூட்டம் என்கிறோமே, அதன் வேர் அந்த முகவரிகளில் இருக்கிறது.

அப்படிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் ஜெர்ரி சீகல். ஓஹையோ மாநிலத்தில் உள்ள கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளிக்கூடப் பையன், கூச்ச சுபாவி. கூடப் படித்த ஜோ ஷஸ்டர் படம் வரைவான். இருவருமாகச் சேர்ந்து 1932இல் ‘சயின்ஸ் ஃபிக்ஷன்’ என்ற பெயரில் ஒரு சைக்ளோஸ்டைல் பத்திரிகை நடத்தினார்கள். 1933 ஜனவரி இதழில் சீகல் புனைபெயரில் ஒரு கதை எழுதினான். இலவச உணவுக்காக வரிசையில் நிற்கும் ஓர் ஏழையைப் பிடித்து ஒரு விஞ்ஞானி மருந்து கொடுக்கிறார். அவனுக்கு அடுத்தவர் மனதைப் படிக்கும் சக்தி வந்துவிடுகிறது. அதை வைத்து உலகத்தையே ஆளப் பார்க்கிறான். கதையில் அவனுக்கு வைத்த பெயர் சூப்பர்மேன்.

ஆமாம், முதல் சூப்பர்மேன் வில்லன்.

பிறகு சீகல் அவனைத் திருத்தினான். வில்லனை ஹீரோவாக்கி, வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவனாக்கி, ஷஸ்டரை வரைய வைத்து, பத்திரிகை பத்திரிகையாக ஏறி இறங்கினான். 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் வெளிவந்தார். உரிமைக்காக நண்பர்கள் இருவருக்கும் சேர்த்துக் கிடைத்த தொகை 130 டாலர். சூப்பர் ஹீரோ என்ற முழு வகைமையும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. வாசகர் கடிதப் பகுதியில் குழந்தைத்தனமாக அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பையன்தான் அதன் ஊற்று. ரசிகர்கள் இந்தக் கதைகளுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்த காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

இங்கே நம்ம ஊருக்குக் கொஞ்சம் வர வேண்டியிருக்கிறது. வலிந்து வரவில்லை. சீகலே வந்தார், பெயர் சொல்லாமல்.

சூப்பர்மேன் உரிமைக்காக வழக்குப் போட்டுத் தோற்று, அறுபதுகளின் நடுவில் வேலை தேடிக்கொண்டிருந்த சீகல், லண்டன் ஃப்ளீட்வே நிறுவனத்தின் ‘லயன்’ வார இதழுக்குக் கதை எழுதினார். 1965இல் அதில் தொடங்கிய ஒரு தொடரின் ஆரம்பக் கதைகளை டெட் கோவன் எழுதியிருந்தார். அதன் பிறகு சீகல் ஏற்றுக்கொண்டார். கறுப்பு உடை, கூரான காது, முதுகில் ராக்கெட், கையில் வலைத் துப்பாக்கி. குற்ற உலகின் சக்கரவர்த்தியாகப் போகிறேன் என்று கிளம்பி, போகப் போகக் குற்றவாளிகளையே வேட்டையாடும் ஒருவன். என் வயதுக்காரர்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஸ்பைடர்! 1984இல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியபோது தமிழ்ப் பையன்களைக் கிறுக்குப் பிடிக்க வைத்தவர். வில்லனாகப் பிறந்தவனைச் சீகல் இரண்டாவது முறையும் ஹீரோவாக்கினார். அந்தக் கால பிரிட்டிஷ் சித்திரக் கதைகளில் எழுதியவர் பெயர் போடும் வழக்கமில்லை. சூப்பர்மேனை உருவாக்கியவரின் கையெழுத்தைத்தான் கரூரில் டிரவுசர் போட்டுக்கொண்டு படித்தேன் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

எனக்குச் சாத்தூர் நண்பர் கிடைத்ததும் ஸ்பைடரால்தான். எண்பதுகளில் சிறுவர் பத்திரிகை ஒன்றில் பேனா நண்பர் பகுதி வரும். பெயர், வயது, பொழுதுபோக்கு, முகவரி. ஜெர்ன்ஸ்பேக் செய்த அதே காரியம். பொழுதுபோக்கு என்ற இடத்தில் எல்லாப் பையன்களும் தபால்தலை சேகரித்தல் என்று போட்டிருக்க, ஒருவன் மட்டும் ‘ஸ்பைடர்’ என்று போட்டிருந்தான். 15 பைசா கார்டு வாங்கி எழுதினேன். "அன்புள்ள நண்பா, ஸ்பைடரை விட இரும்புக்கை மாயாவிதான் பெரியவர். மின்சாரத்தைத் தொட்டால் அவர் மறைந்துவிடுவார், கை மட்டும்தான் தெரியும். ஸ்பைடரால் முடியுமா?"

ஐந்தாம் நாள் பதில் வந்தது. கார்டின் முகவரிப் பக்கத்திலும் இண்டு இடுக்கெல்லாம் பொடிப்பொடியாக எழுதியிருந்தான். "எங்கள் ஊரில் தினமும் கரண்ட் கட். மாயாவி இங்கே வந்தால் என்ன செய்வார்?"

நான் அதற்கு மூன்று நாள் யோசித்தேன். அவன் மேல் கோபம் வரவில்லை. இவனை எப்படி மடக்குவது என்றுதான் இருந்தது. முகவரி உள்ளவனிடம் வாதாடினால் அவன் பதில் சொல்வான் என்று தெரியும். அதனால் எழுதும்போதே அவன் என்ன சொல்லுவான் என்று யோசித்துத்தான் ஆக வேண்டும். அந்த யோசனையில் பாதி கோபம் போய்விடும்.

அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. சீகலைப் போலவே முப்பதுகளில் ரசிகர் பத்திரிகை நடத்திய இன்னொரு பையன் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ். வளர்ந்து டி.சி. காமிக்ஸில் ஆசிரியரானார். அறுபதுகளின் தொடக்கத்தில் தன் இதழ்களின் கடிதப் பகுதியில் வாசகர்களின் முழு முகவரியை அச்சிட ஆரம்பித்தார். சிறுவயதில் தனக்குக் கிடைத்ததை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். 1961இல் டெட்ராய்ட்டைச் சேர்ந்த கல்லூரி ஆசிரியர் ஜெர்ரி பெயில்ஸ் ‘ஆல்டர் ஈகோ’ என்று சூப்பர் ஹீரோ ரசிகர்களுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். அவரோடு கடிதத்தில் பழகி அதற்குக் கைகொடுத்த பள்ளி ஆசிரியர் ராய் தாமஸ், 1965இல் மார்வெலில் சேர்ந்து, 1972இல் ஸ்டான் லீக்கு அடுத்து தலைமை ஆசிரியராகவே உட்கார்ந்தார். 1963இல் ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ 20ஆம் இதழில் நியூ ஜெர்சிப் பையன் ஒருவனின் கடிதம் வந்தது. முகவரியைப் பார்த்து மற்ற ரசிகர்கள் அவனைத் தொடர்புகொண்டார்கள். அவர்கள் நடத்திய சிறு பத்திரிகைகளுக்குக் கதை எழுத ஆரம்பித்தான். அவன் பெயர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ அவர் எழுதிய நாவல் வரிசையிலிருந்துதான் தொலைக்காட்சிக்கு வந்தது.

கடிதங்கள் ஆள்களை உருவாக்கியது போக, ஒரு தொடரையே காப்பாற்றியும் இருக்கின்றன. ‘ஸ்டார் ட்ரெக்’ 1966 செப்டம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. இரண்டாவது வருடமே நிறுத்தப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பீஜோ டிரிம்பிள் என்ற பெண்ணும் அவர் கணவர் ஜானும் வீட்டில் உட்கார்ந்து ரசிகர்களுக்குக் கடிதம் அனுப்பினார்கள். ஒரே வாசகத்தைக் காப்பியடிக்காமல் அவரவர் சொந்த வார்த்தையில் எழுதுங்கள், மரியாதையாக எழுதுங்கள், பத்துப் பேரிடம் சொல்லுங்கள் என்பதுதான் அவர்களுடைய திட்டத்தின் சாரம். 1967 டிசம்பரிலிருந்து 1968 மார்ச் வரை தங்களுக்கு வந்தவை 1,14,667 என்று என்.பி.சி.யே சொன்னது. 1968 மார்ச் 1ஆம் தேதி தொடர் முடிந்ததும் திரையிலேயே அறிவித்தார்கள்: தொடர் தொடரும், தயவுசெய்து இனி எழுத வேண்டாம்.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. மூன்றாவது வருடம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தூக்கிப் போட்டார்கள். அந்த நேரத்தில் இளவட்டங்கள் யார் வீட்டில் இருப்பார்கள்? 1969இல் தொடர் நின்றது. ஆனால் அந்த ஒரு வருடம் கிடைத்ததால்தான் மறு ஒளிபரப்புக்கு விற்கும் அளவுக்குப் பகுதிகள் சேர்ந்தன. மறு ஒளிபரப்பில்தான் அது உலகத்தைப் பிடித்தது. 1976இல் அதே ரசிகர்கள் மறுபடியும் கடிதம் எழுதி, ‘கான்ஸ்டிட்யூஷன்’ என்று பெயரிடப்படவிருந்த நாசாவின் முதல் விண்ணோடத்துக்குத் தங்கள் கப்பலின் பெயரை வைக்கச் செய்தார்கள். ‘எண்டர்பிரைஸ்’ என்ற அந்த ஓடம் சோதனைக்காகக் கட்டப்பட்டது. கடைசிவரை விண்வெளிக்குப் போகவே இல்லை. ரசிகர்களின் வெற்றிகளுக்குப் பெரும்பாலும் இப்படி ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும்.

இதுவரை படித்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அபிப்பிராயத்துக்கு எடை உண்டு, பார்த்தாயா! அப்புறம்தான் ஜேசன் டாடிடம் வந்தேன்.

பேட்மேனுக்கு ராபின் என்று ஒரு துணைவன் உண்டு. முதல் ராபின் வளர்ந்து தனியாகப் போன பிறகு இரண்டாவது ராபினாக வந்தவன் ஜேசன் டாட். 1987இல் அவன் கதையை மாற்றி எழுதினார்கள். தெருவில் வளர்ந்த அனாதை, பேட்மேனின் கார் டயரையே திருடப் பார்த்தவன், முன்கோபி. வாசகர்களில் பலருக்கு அவனைப் பிடிக்கவில்லை. 1988இல் ஆசிரியர் டென்னிஸ் ஓநீல் ஒரு யோசனை செய்தார். ஜோக்கர் அந்தப் பையனைக் கடப்பாரையால் அடித்து, வெடிகுண்டு வைத்துவிட்டுப் போகிறான். கட்டடம் வெடிக்கிறது. அத்தோடு இதழ் முடிகிறது. கடைசியில் இரண்டு தொலைபேசி எண்கள். ஒன்றைச் சுழற்றினால் ராபின் பிழைப்பான். மற்றதைச் சுழற்றினால் சாவான். ஓர் அழைப்புக்கு 50 சென்ட். செப்டம்பர் 15, 16 தேதிகளில் 36 மணி நேரம் வாய்ப்பு. ஓவியர் ஜிம் அபாரோ இரண்டு முடிவுகளையும் வரைந்து வைத்திருந்தார்.

பிழைக்கட்டும் என்றவை 5,271. சாகட்டும் என்றவை 5,343. வித்தியாசம் 72.

பிணத்தை ஏந்திக்கொண்டு பேட்மேன் நிற்கும் படம் அச்சானது. ஓட்டெடுப்பு நடத்தியதற்கே பல பக்கமிருந்து கண்டனம் வந்தது. ஒருவரே எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கலாம் என்பதால் 10,614 அழைப்புக்குப் பின்னால் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. 36 டாலர் செலவழிக்க மனம் உள்ள ஒருவரே அந்தப் பையனைக் கொன்றிருக்க முடியும்.

கற்பனைப் பாத்திரம்தானே, காகிதம்தானே என்று கேட்கலாம். சரிதான். 2005இல் கதாசிரியர்கள் அவனை உயிரோடு திரும்பவும் கொண்டுவந்துவிட்டார்கள். எனக்கு உறுத்தியது சாவு இல்லை. அந்த இரண்டு எண்கள். ஜேசனைப் பிடிக்காதவர்கள் அதற்கு முன்பும் கடிதம் எழுதித்தான் இருந்தார்கள். பிடிக்கவில்லை என்று எழுத உட்கார்ந்தால் ஏன் பிடிக்கவில்லை என்று நாலு வரியாவது எழுத வேண்டிவரும். எழுதும்போது, "அனாதைப் பையன், முன்கோபம் வரத்தானே செய்யும்" என்று கை கொஞ்சம் நின்றாலும் நிற்கும். தொலைபேசியில் அதற்கு இடமில்லை. சுழற்றினால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவுதான். என்.பி.சி.யும் கடிதங்களை எண்ணத்தான் செய்தது. ஆனால் எண்ணுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒருவர் எழுதியிருந்தார்.

அதற்காகக் கடிதம் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. அதே 1988இல் டிம் பர்ட்டன் பேட்மேன் படத்துக்கு மைக்கேல் கீட்டனைக் கதாநாயகனாக்கினார். நகைச்சுவை நடிகர், ஆள் அவ்வளவு உயரமும் இல்லை. ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 கண்டனக் கடிதங்கள் வந்ததாகச் சொல்வார்கள். அவர்களுடைய பயத்துக்கு நியாயமும் இருந்தது. 1966இல் வந்த ஆடம் வெஸ்டின் தொலைக்காட்சித் தொடர் பேட்மேனைக் கோமாளியாக்கிவிட்டது என்ற காயம் இருபது வருடமாக ஆறாமல் இருந்தது. மறுபடியும் கேலிக்கூத்தா? 1989 ஜூனில் படம் வந்தது. அந்த வருடம் அமெரிக்காவில் மிக அதிகம் வசூலித்த படம் அதுதான். இன்றைக்குக் கீட்டன்தான் சிறந்த பேட்மேன் என்று வாதாட ஒரு பெருங்கூட்டமே இருக்கிறது. கடிதம் எழுதிய பலரும் அதில் இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

அத்தனை கடிதமும் தப்பு. ஏன் தப்பு? யாரும் படத்தைப் பார்த்திருக்கவில்லை. பயத்தை அபிப்பிராயம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஆனாலும் படம் வந்ததும் போய்ப் பார்த்தார்கள், மனதை மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் படுகிறது.

நல்ல அபிப்பிராயம் எப்படி இருக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1994இல் வந்த ஒரு ‘கிரீன் லேண்டர்ன்’ இதழில் கதாநாயகன் வீட்டுக்கு வருகிறான். அவன் காதலியைக் கொன்று ஃப்ரிட்ஜுக்குள் திணித்து வைத்திருக்கிறான் வில்லன். அவள் சாவுக்கு ஒரே பயன், கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டும். 1999இல் கெயில் சிமோன் என்ற பெண் அதை வைத்து ஒரு பட்டியல் தயாரித்தார். காமிக்ஸில் கொல்லப்பட்ட, முடமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பெயர்கள், வரிசையாக. அந்தப் பட்டியலை எழுத்தாளர்களுக்கே அனுப்பி, இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். பலர் பதில் எழுதினார்கள். சிலர் மறுத்தார்கள், சிலர் யோசிக்கிறேன் என்றார்கள். அப்போது சிமோனுக்குத் தொழில் முடி திருத்துவது. சில வருடங்களில் அவரே ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ எழுத வந்தார், பிறகு ‘வொண்டர் வுமன்’ எழுதினார். பிடிக்கவில்லை என்பதைக் கேள்வியாக மாற்றி, பதிலுக்கும் காத்திருந்தார். சாத்தூர்ப் பையனின் போஸ்ட் கார்டு எனக்கு அங்கே ஞாபகம் வந்தது.

அதன் பிறகு காலம் 72 ஓட்டுப் பக்கம்தான் சாய்ந்தது. 2019 பிப்ரவரியில் ராட்டன் டொமேட்டோஸ் தளம், வெளிவராத படங்களுக்கு ரசிகர்கள் கருத்துப் போடும் வசதியை எடுத்துவிட்டது. ‘கேப்டன் மார்வெல்’ திரைக்கு வருவதற்கு முன்பே அதைக் கீழே தள்ளப் பெருங்கூட்டம் வேலை செய்துகொண்டிருந்தது. கீட்டன் காலத்துக் கண்டனத்துக்கு ஓர் உறையும் தபால்தலையுமாவது தேவைப்பட்டன. இப்போது விரல் நுனி போதும்.

காகிதமும் மனுஷியாக மாறியது. 2017 டிசம்பரில் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: தி லாஸ்ட் ஜெடாய்’ படத்தில் ரோஸ் என்ற பாத்திரத்தில் நடித்தவர் கெல்லி மேரி டிரான், வியட்நாமிய அகதிகளின் மகள். பாத்திரம் பிடிக்காதவர்கள் நடிகையைத் தாக்கினார்கள், நிறத்தை, உடம்பை, முகத்தை. 2018 ஜூனில் அவர் தன் இன்ஸ்டாகிராம் பதிவுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டார். ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். தன்னைப் பற்றி அவர்கள் சொன்னதைத் தானே நம்பத் தொடங்கிவிட்டதை அதில் சொல்லியிருந்தார். அவர்களில் எத்தனை பேர் முகவரி போட்டு, பெயர் போட்டு, அவருக்கு நேராக அதை எழுதியிருப்பார்கள்?

இனி என் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தை இயக்கிக்கொண்டிருந்த ஸாக் ஸ்னைடர், தன் மகள் தற்கொலை செய்துகொண்ட துயரத்தில் 2017 மே மாதம் பாதியில் விலகினார். வேறொருவர் முடித்துக்கொடுத்த படம் நவம்பரில் வந்து விழுந்தது. ஸ்னைடர் எடுத்த படத்தை வெளியிடு என்று ரசிகர்கள் ஏறக்குறைய இரண்டரை வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பு ஒன்றுக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியும் கொடுத்தார்கள். அதே கூட்டத்தில் ஸ்டுடியோ அதிகாரிகளை வசைபாடியவர்களும் இருந்தார்கள். குரல் கொடுத்த கணக்குகளில் குறைந்தது 13 சதவீதம் போலி என்று நிறுவனம் எடுத்த ஆய்வு சொன்னதாக 2022இல் ‘ரோலிங் ஸ்டோன்’ எழுதியது. ஒரே கூட்டத்தில் நல்லதும் கெட்டதும் கலந்திருந்தன. 2021 மார்ச் 18ஆம் தேதி நான்கு மணி நேரப் படமாக அது வெளிவந்தது.

சாத்தூர் நண்பர் அதைப் பார்த்துவிட்டு எங்கள் காமிக்ஸ் குழுவில் நீளமாக ஒரு செய்தி போட்டார். போனில் மூன்று முறை விரலால் தள்ளினாலும் முடியாத நீளம். நான் படிக்கவில்லை. "நாலு மணி நேரம் தண்டம்" என்று தட்டி, கட்டை விரலைக் கீழே காட்டும் பொம்மையையும் சேர்த்து அனுப்பிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன். சாயங்காலம் பார்த்தால் அவர் குழுவை விட்டு விலகியிருந்தார். போன் போட்டேன், எடுக்கவில்லை. "இவ்ளோ ரோஷமா?" என்று எனக்கும் கோபம் வந்தது. அத்தோடு போச்சு.

ஜேசன் டாடைப் பற்றிப் படித்த அன்று இரவுதான் அந்தச் செய்தியைத் தேடி எடுத்து முழுதாகப் படித்தேன். படத்தில் விக்டர் என்ற பையன், பாதி உடம்பு இயந்திரம். அப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லை. அந்த அப்பா மற்றவர்களுக்காகத் தன் உயிரைக் கொடுக்கிறார். கடைசியில், முன்பு அவன் கேட்க மறுத்து நசுக்கிப் போட்ட ஒலிப்பதிவைச் சரிசெய்து, அப்பாவின் குரலை அவன் கேட்கிறான். நண்பர் அதைத்தான் எழுதியிருந்தார். அவருடைய அப்பா அதற்கு முந்தைய மாதம் காலமாகியிருந்தார். எனக்குத் தெரியும், துக்கத்துக்குப் போன் செய்தேன். ஆனால் அவருக்கும் அப்பாவுக்கும் ஏழெட்டு வருடமாகப் பேச்சு இல்லை என்பது தெரியாது. கடையில் அப்பா கைப்பட எழுதிய கணக்கு நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் பார்ப்பதாக எழுதியிருந்தார். கடைசி வரி: "உனக்கு ஸ்னைடரைப் பிடிக்காதுன்னு தெரியும். ஆனா இதுக்கு நீ என்ன சொல்றேன்னு கேக்கணும்."

அவர் எழுதியது கடிதம். நான் போட்டது ஓட்டு.

போன் செய்யத் துணிச்சல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். முதலில் மன்னிப்பு. அப்புறம் படத்தை மறுபடி பார்த்ததைச் சொல்லி, விக்டர் வரும் இடங்கள் நன்றாக இருப்பதை ஒத்துக்கொண்டேன். மீதி இரண்டு மணி நேரம் இழுவைதான் என்பதையும், ஏன் என்பதையும் எழுதினேன். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். நாலாவது பக்கத்தில் சீகல் கதையைச் சொன்னேன். 1975இல் சூப்பர்மேன் படம் எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்தபோது அவர் குமாஸ்தாவாக இருந்தார். ஷஸ்டருக்குக் கண் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. ஏமாற்றப்பட்ட கதையையெல்லாம் நீளமாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். ஓவியர் நீல் ஆடம்ஸும் மற்றவர்களும் அதைக் கையிலெடுத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். அந்த டிசம்பரில் இருவருக்கும் ஆளுக்கு வருடம் 20,000 டாலர் என்று முடிவானது. சூப்பர்மேனுக்கு மேல் அவர்கள் பெயர் திரும்ப வந்தது. சிறுவயதில் ரசிகனாகக் கடிதம் எழுதத் தொடங்கியவருக்கு அறுபது வயதில் கடிதம்தான் கை கொடுத்தது என்று முடித்திருந்தேன்.

உறையில் முகவரி எழுதும்போது பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. 1985இலிருந்து அதே தெரு, அதே கதவு எண்.

ஐந்தாம் நாள் போன் வந்தது. எடுத்ததும், "யோவ், வாத்தியாரா இருந்துக்கிட்டு இன்னும் கோழி கிண்டுன மாதிரிதான்யா எழுதுற" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாலாம் பக்கத்துல நீ எழுதுனதை நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார்.

எதை என்று கேட்டேன். சொல்ல ஆரம்பித்தார்.